எனக்குப் படிக்கத் தெரியாது என்று மகளிடம் எப்படிச் சொல்வேன்?

வணக்கம் மேடம்.

இந்தக் கடிதத்தை நான் கையால் எழுதவில்லை. நான் பேசப் பேசப் போன் எழுதியது. அது சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கவும் எனக்குத் தெரியாது. போனையே வாசிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லும் பதில்களையும் இப்படித்தான் கேட்பேன், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

எனக்கு வயது 42. தையல் வேலை. மூன்றாம் வகுப்பு பாதியிலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனது. தம்பி பிறந்த சமயம், அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, வீட்டுக்கு மூத்த பெண் நான். "கொஞ்ச நாள் தம்பியைப் பார்த்துக்கோ, அப்புறம் போகலாம்" என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தம்பி இன்றைக்கு நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிறான், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் குடும்பத்தில் பத்திரம், காகிதம் என்று ஏதாவது வந்தால் எல்லோரும் கூடிப் பேசி முடித்துவிட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டு "இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடுக்கா" என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வராது.

எண்கள் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு துணியைப் பார்த்தாலே எத்தனை உருப்படி வரும், எவ்வளவு மிச்சம் நிற்கும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுவேன், தப்பாது. என் பெயரை எழுதுவேன். எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் பாதி அடையாளம் தெரியும். சேர்ந்து வார்த்தையாக நின்றால் ஒன்றும் புரியாது.

அளவு நோட்டில் பெயருக்குப் பதிலாகப் படம் போட்டு வைப்பேன். ஒருவருக்குப் பூ, ஒருவருக்குக் குடை, இன்னொருவருக்கு மூக்குக்கண்ணாடி. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது "எங்கம்மா நல்லாப் படம் வரைவாங்க" என்று எல்லோரிடமும் சொல்வாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். மாத்திரை வாங்கினால் கடைக்காரரிடம் வாயால் கேட்டு, அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்து, அட்டையின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி வைப்பேன். ஒரு வெட்டு இருந்தால் காலை, இரண்டு வெட்டு இருந்தால் ராத்திரி. எங்கேயாவது படிவம் நிரப்பச் சொன்னால், "கண்ணாடி எடுத்து வரல, நீங்களே எழுதிடுங்களேன்" என்பேன். எனக்குக் கண் நன்றாகவே தெரியும். நம்ப வைப்பதற்காகவே ஒரு கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன்.

கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். அவருக்கு விஷயம் தெரியும், ஆனால் எங்களுக்குள் அந்தப் பேச்சே வராது. மகளுக்குத் தெரியாது. அம்மா அதிகம் படிக்கவில்லை என்பது தெரியும். சுத்தமாகப் படிக்கவே வராது என்பது தெரியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரிய இடத்திலிருந்து சீருடை மொத்தமாகத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். என்னால் முடியும் மேடம். இன்னும் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டால் தாராளமாக முடியும். அவர்களுக்கும் வருமானம். ஆனால் ஆர்டர் ஈமெயிலில் வருமாம். பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு உடுப்பிலும் பெயர் போட்டுக் கட்ட வேண்டுமாம். ஒப்பந்தம் வேறு. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகள் கேட்டாள், "ஏம்மா வேணாம்னுட்ட?" என்று. "உடம்பு தாங்காதுடி, கூட ஒத்தாசைக்கு ஆளில்லை" என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

இப்போது பிரச்சினை அவளைப் பற்றித்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு என்னோடு தைக்க உட்காரப் போகிறாளாம். "நீ பெருசா என்ன படிச்ச? நாம நல்லாத்தானே இருக்கோம்? படிச்சவங்க எத்தனை பேரு வேலை இல்லாம சுத்துறாங்க. நான் வந்து உக்காந்தா உனக்கும் ஒரு கை கூடுமில்ல" என்கிறாள். கணவரிடம் சொன்னால் "பிள்ளை இஷ்டம்" என்கிறார். எனக்கு நெஞ்சே அடைத்துப்போகிறது. வேண்டாம் என்று கத்தத் தோன்றுகிறது, ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வாயில் ஒரு வார்த்தை இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் என்னை மதிப்பாளா? இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? என் ஆசையை அவள் தலையில் கட்டுகிறேனோ என்றும் பயமாக இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை, தலைவலி விடுவதில்லை. நான் மக்கு என்பது எனக்கே தெரியும். அவளும் அப்படி ஆகிவிடக்கூடாது.

பெயர் போட வேண்டாம்.

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போன் எழுதியது என்றாலும் இது உங்கள் கடிதம்தான். சொல்ல வந்ததை ஒன்றுவிடாமல், முன்பின் மாறாமல் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: மகளிடம் சொல்லிவிடுங்கள். எப்போது, எப்படி என்பதைப் பிறகு பேசலாம். சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்படி மறைத்து வாழ்கிறவர் நீங்கள் மட்டும்தான் என்று நினைத்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஒரு பொது மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 1996-ல் வெளிவந்தது. படிக்கத் திணறுவதை ஆய்வாளர்களிடம் ஒப்புக்கொண்டவர்களில் 100-க்கு 67 பேர் அதைக் கணவனிடமோ மனைவியிடமோ சொன்னதே இல்லை. 100-க்கு 53 பேர் பெற்ற பிள்ளைகளிடம் சொன்னதில்லை. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் "கண்ணாடி மறந்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு யாராவது ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் வருத்தியது கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்த "மக்கு" என்ற சொல்தான். அதை ஒத்துக்கொண்டு மேலே போக என்னால் முடியாது.

பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற நகரத்தில், தெருவில் வியாபாரம் பார்த்த 5 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 1985-ல் வெளியானது. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரி போய், இது இத்தனை, அது இத்தனை, மொத்தம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கேட்டார்கள். 100-க்கு 98 விடை சரி. அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 100-க்கு 37-தான் சரி. மூளை அதேதான், மாறியது தாள் மட்டும். அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு மனசுக்குள்ளேயே துணிக் கணக்குப் போடும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாத்திரை அட்டையில் வெட்டுப் போடுவதும், பெயருக்குப் படம் போடுவதும் நீங்களாகவே கண்டுபிடித்த எழுத்துமுறைகள். உங்களுக்கு மறுக்கப்பட்டது பள்ளிக்கூடம், புத்தி உங்களிடம்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தி இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கோபம்தான் வருகிறது. படிப்பு இல்லாததால் உங்களிடமிருந்து என்னவெல்லாம் போயிற்று என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் பங்குக்கு என்ன எழுதப்பட்டது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மருந்துக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி முழுக்க வேறு எதையும் நினைக்காமல் மாத்திரைக் கணக்கை நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். முடியும் என்று தெரிந்த வேலையை முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். இவற்றை எல்லாம்விட, இது வெளியே தெரிந்துவிடக்கூடாதே என்று காவல் காப்பதற்கு நீங்கள் செலவழித்த சக்தி இருக்கிறதே, அதற்குக் கணக்கே இல்லை.

அந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு படிவம் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது. கண்ணாடி இல்லை என்கிறீர்கள், அந்த நிமிஷமே படபடப்பு அடங்கிவிடுகிறது. அடங்கிய அந்த நிம்மதியால்தான் மனசு ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: தப்பித்ததால் பிழைத்தோம், அடுத்த முறையும் தப்பித்துவிடு என்று. இப்படி ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் பயம் ஒரு சுற்றுப் பெருக்கிறது. கடைசியில் சீருடை ஆர்டர் வரும்போது, "எனக்குப் படிக்க வராது, யாரையாவது கூட வைத்துக்கொண்டு செய்கிறேன்" என்ற சாதாரணமான வழிகூடத் தோன்றாமல் போய்விடுகிறது. உங்களைத் தடுத்தது எழுத்து தெரியாததில் பாதி, தெரியாததை யாரும் அறிந்துவிடக்கூடாது என்ற பயத்தில் பாதி. முதல் பாதிக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். இரண்டாவது பாதியை இந்த வாரமே குறைக்க ஆரம்பிக்கலாம்.

அந்த ஆர்டர் போனதில் உங்களுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. வேலைக்கு வந்திருக்கக்கூடிய அந்த நாலு பெண்களுக்கும் நஷ்டம், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நஷ்டம். அவர்களில் யாருக்கும் தாங்கள் எதை இழந்தோம் என்று தெரியாது. ஒரு சமூகத்தில் கல்வி இல்லாமல் போவதன் பாதிப்பு பெரும்பாலும் இப்படி, யார் கண்ணிலும் படாமல்தான் நடக்கிறது. உலகம் முழுவதும் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் 70 கோடிக்கும் அதிகம். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட அக்காக்கள் அதில் எத்தனை பேரோ.

பெண்ணின் படிப்பு நின்றுபோவதால் என்ன ஆகிறது என்பதை உயிர்க் கணக்காகவே பார்த்திருக்கிறார்கள். 175 நாடுகளின் விவரங்களை வைத்து லான்செட் மருத்துவ இதழில் 2010-ல் ஒரு கட்டுரை வந்தது. 1970-ல் இறந்ததைவிட 2009-ல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 82 லட்சம் பேர் குறைவாக இறந்தார்கள். அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 42 லட்சம், பெண்களின் படிப்பு கூடியதால் தடுக்கப்பட்ட மரணங்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிவது, டாக்டரிடம் தயங்காமல் திருப்பிக் கேட்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தானே முடிவெடுப்பது, இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்ததுதான் அந்த 42 லட்சம். உங்கள் மாத்திரை அட்டையின் வெட்டுகளைப் படித்தபோது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் கத்தரியால் சமாளித்துவிட்டீர்கள். எல்லாத் தாய்க்கும் அது அமைவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. படிக்கத் தெரியாதவரின் பேச்சு சபையில் ஏறாது. பிரேசிலில் 1985 வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டே கிடையாது. பள்ளிக்கூடம் கொடுக்காததும் ஆட்சியில் இருந்தவர்கள்தான், பள்ளிக்கூடம் போகவில்லை என்பதால் ஓட்டு இல்லை என்று சொன்னதும் அவர்கள்தான். ஓட்டு இருக்கிற இடங்களிலும் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கிறது. உங்கள் குடும்பத்தில் எல்லோரும் பேசி முடித்த பிறகு உங்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்களே, அதை ஓர் ஊர் அளவுக்கு, ஒரு நாடு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அதனால்தான் இந்த வெட்கம் உங்களுடையது இல்லை என்கிறேன். ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1948-ல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் 26-வது பிரிவில் எழுதிவைத்தார்கள். நீங்கள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே கொடுத்த வாக்கு அது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒருநாள் வகுப்பில் இல்லை என்றபோது தேடி வந்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். வெட்கப்பட வேண்டியவர்களும் அவர்கள்தான்.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தை நான் மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. சீருடை ஆர்டரை ஏன் விட்டீர்கள் என்று அவள் கேட்டாள். உடம்பு தாங்காது, ஒத்தாசைக்கு ஆளில்லை என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அவள் படிப்பை விட்டுவிட்டு உங்களோடு உட்காருகிறேன் என்கிறாள், "உனக்கும் ஒரு கை கூடுமில்ல" என்கிறாள். அவள் படிப்பை வெறுத்து இதைச் சொல்கிறாளா, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பயந்து சொல்கிறாளா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. அப்படியானால் நீங்கள் சொல்லாத உண்மைக்கு அவள் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, அதற்குத் தன் படிப்பைப் பலி கொடுக்கத் தயாராகிறாள். அன்று தம்பிக்காக நீங்கள் நின்றதுபோல.

இது என் ஊகம், தவறாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று கத்துவதற்கு முன்னால், "ஏன்டி, பள்ளிக்கூடத்துல என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு அவள் பேசி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். அந்த வயதில் படிப்பை விட நினைப்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கும். ஒரு பாடம் புரியாமல் பின்தங்கியிருப்பாள், ஆசிரியர் யாராவது நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருப்பார், கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்திருப்பார்கள், யாராவது தொந்தரவு கொடுத்திருப்பார்கள். எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்து வாசிப்பது கடினமாக இருக்கிற டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமமாகக்கூட இருக்கலாம், புத்திசாலிப் பிள்ளைகள் அதைப் பத்தாம் வகுப்புவரை மறைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காரணம் தெரியாமல் புத்தி சொன்னால் எதுவும் ஏறாது.

அவள் சொல்வதைக் கேட்ட பிறகு, வேறு ஒரு நாள், உங்கள் விஷயத்தைச் சொல்லுங்கள். சண்டை நடக்கும்போது வேண்டாம். அப்போது சொன்னால் அது அவளை அடிக்க எடுத்த கம்பு மாதிரி ஆகிவிடும். "நான் படிக்காமல் பட்ட பாடு உனக்குத் தெரியுமா" என்று தொடங்கவும் வேண்டாம், பிள்ளைகள் அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் காதை மூடிக்கொள்வார்கள். அளவு நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். "இந்தப் படமெல்லாம் ஆசைக்கு வரைஞ்சதுன்னு நெனச்ச, இல்ல? பேர் எழுதத் தெரியாமத்தான் வரைஞ்சேன்" என்று அங்கிருந்து ஆரம்பியுங்கள். சீருடை ஆர்டர் ஏன் போயிற்று என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாவம், அந்தக் கவலை அவளுக்குத் தீரட்டும். சொல்லிவிட்டு, அன்றைக்கு அவளிடமிருந்து எந்த வாக்குறுதியும் கேட்காதீர்கள். படிப்பைத் தொடர்கிறாயா இல்லையா என்ற பேச்சு அன்று வேண்டாம்.

அவள் அழலாம், கோபப்படலாம். "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று கேட்பாள், கேட்டால் நியாயம்தான். "வெட்கமா இருந்துச்சு, நீ என்னை மதிக்கமாட்டியோன்னு பயந்தேன்" என்று இருப்பதைச் சொல்லுங்கள். மதிப்பு குறையுமா என்று கேட்டீர்கள். ஒரு நாள், இரண்டு நாள் அவள் குழம்பிப்போகலாம். ஆனால் பதினாறு வயதுப் பெண்ணுக்கு, எழுத்தே தெரியாமல் ஒரு தொழிலை நடத்தித் தன்னை வளர்த்த அம்மா எப்படித் தெரிவாள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

படித்தவர்கள் வேலை இல்லாமல் சுற்றுகிறார்களே என்று அவள் கேட்டதைத் தள்ளிவிட வேண்டாம். அது உண்மையான கேள்வி. படித்தால் வேலை நிச்சயம் என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள், நம்பவும் கூடாது. பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் சம்பாத்தியம் சராசரியாக 100-க்கு 9 அளவு கூடுகிறது என்கிறார்கள். சராசரி என்றால் சிலருக்கு அதுவும் கிடைக்காது. உங்கள் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பதில் தையல் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. தைக்கத் தெரிந்தும் அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது எதனால்? அவள் தையல்காரி ஆனாலும் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், தவறாக எழுதியிருந்தால் எதிர்த்துக் கேட்க வேண்டும். விடுமுறையில் அவளுக்குத் தையல் சொல்லிக் கொடுங்கள். உங்கள் தொழிலைத் தாழ்த்திப் பேசாதீர்கள், அது அவளுக்குச் சோறு போட்ட தொழில். தொழிலா படிப்பா என்ற போட்டியை நீங்களாக உண்டாக்க வேண்டாம்.

உங்கள் ஆசையை அவள் தலையில் கட்டுகிறீர்களோ என்று பயந்தீர்கள். டாக்டராகத்தான் வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தால் அது உங்கள் ஆசை. பத்தோடு நிறுத்தாதே என்று சொல்வது அவள் வழியை அடைக்காமல் வைத்திருப்பது. பிறகு எந்தப் பக்கம் போகிறாள் என்பது அவள் பாடு.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம், அவளுக்காக இல்லை, உங்களுக்காக. 42 வயதில் ஏறுமா என்ற சந்தேகம் வேண்டாம். ஸ்தனிஸ்லாஸ் தெஹான் என்ற பிரெஞ்சு மூளை ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 63 பேரின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், 2010-ல் முடிவு வெளியானது. படிக்கவே தெரியாதவர், சிறுவயதில் படித்தவர், பெரியவரான பிறகு படிக்கக் கற்றவர் என மூன்று வகையினரும் அதில் இருந்தார்கள். படிப்பால் மூளையில் வரும் மாற்றங்களில் பெரும்பாலானவை பெரிய வயதில் கற்றவர்களிடமும் வந்திருந்தன. கென்யாவில் கிமானி மாருகே என்ற முதியவர், அங்கே ஆரம்பக் கல்வியை இலவசமாக்கிய பிறகு, 2004-ல் தன் 84-வது வயதில் முதல் வகுப்பில் சேர்ந்தார், சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாக.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உங்கள் கையில் இருக்கும் பொருள்களிலிருந்து. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-ல் அங்கிகோஸ் என்ற இடத்தில் 300 தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் அடிப்படை எழுத்தறிவைக் கொடுத்தார். குழந்தைகள் பாடப் புத்தகத்தைப் பெரியவர்கள் கையில் அவர் திணிக்கவில்லை. அவர்கள் தினமும் புழங்கும் சொற்களை, செங்கல் போன்றவற்றை எடுத்து, அதைப் பிரித்து, அந்த எழுத்துகளால் வேறு சொற்களைக் கட்டச் செய்தார். உங்களுக்கு ஊசி, துணி, கை, கழுத்து, இடுப்பு. எழுத்துகளில் பாதி அடையாளம் தெரியும் என்கிறீர்கள், அது பெரிய முதல். அளவு நோட்டில் பூப் படத்தின் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதுங்கள், படத்தை அழிக்க வேண்டாம். அன்றாடம் பார்க்கிற அந்தப் பெயர்கள்தான் உங்களுக்கு முதல் பாடப் புத்தகம். பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியாகக் கற்பதைவிடத் தன்னைப் போன்றவர்களோடு உட்கார்ந்து கற்பது வெட்கத்தைச் சீக்கிரம் கரைக்கும். மகளே சொல்லிக் கொடுக்கிறேன் என்று வருவாள். நடுநடுவே உதவட்டும், ஆனால் அவளை உங்கள் ஆசிரியை ஆக்கிவிடாதீர்கள். அம்மாவைப் படிக்கவைக்கும் பொறுப்பு அவள் தலைக்கு வந்தால் அவளுக்கு அது இன்னொரு சுமை.

இடையில் பயத்துக்கு ஒரு பயிற்சி. உங்களை யாரென்றே தெரியாத ஓர் இடத்தில், ஒரு தடவை, "எனக்குப் படிக்கத் தெரியாது, இதில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். யாராவது முகம் சுளித்தால் அது அவர்கள் குணம். இரண்டாவது தடவை இவ்வளவு கஷ்டமாக இருக்காது. பழகியபின் குடும்பத்தில் கேளுங்கள். "படிச்சுக் காட்டுடா, அப்புறம் போடுறேன்" என்று தம்பியிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அவனைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். இதற்கு முன் போட்ட கையெழுத்துகளில் சந்தேகம் ஏதாவது இருந்தால், அந்தப் பத்திரங்களின் நகலை வாங்கி, குடும்பத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கணவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். "பிள்ளை இஷ்டம்" என்று அவர் சொல்வது அலட்சியமா, இந்தப் பேச்சை எடுத்தால் நீங்கள் புண்படுவீர்கள் என்ற தயக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. மகளிடம் பேசுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் துணையாக இருக்கும்.

தூக்கமின்மையையும் தலைவலியையும் கவலையால் வருவது என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரைப் பார்த்து ரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பார்க்கத் தயங்க வேண்டாம். மகளிடம் பேசிய பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லுங்கள். போனில் பேசிக் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும், கேட்டுவிட்டு நானும் குரலிலேயே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆலோசகர்